ஜோகாராம் ஏறாத குதிரை

எட்டு நாள் நடந்து தில்வாடா குதிரைச் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது, ஜோகாராமுக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பெயர் என்னவோ குதிரைச் சவாரிக் கூட்டம். நாலு வெளிநாட்டு விருந்தாளிகள் குதிரைமேல், கூட வரும் இரண்டு குதிரைக்காரர்களும் குதிரைமேல். ஜோகாராம் ஒருவர்தான் நடை. லாடி என்ற பெட்டைக்குதிரையின் வாரைப் பிடித்துக்கொண்டு, மணலிலும் முள்ளிலும், வருஷத்துக்கு நாலு சந்தை, பன்னிரண்டு வருஷமாக நடை.

குதிரை ஏறிப் பழக்கமில்லாத விருந்தாளியை லாடியின்மேல் உட்கார வைப்பார்கள். அவர் இறங்கிக் கூடாரத்துக்குள் போன பிறகாவது இந்த மனிதர் ஏறக்கூடாதா? மாட்டார். தண்ணீர் காட்ட இரண்டு மைல் தள்ளிப் போவதானாலும் குதிரை வெறும் முதுகோடு பின்னால் வரும், இவர் முன்னால் நொண்டிக்கொண்டு போவார்.

"ஏன் காகா, நீ ஏறினா லாடி என்ன கரைஞ்சா போயிடுவா?" என்று கேட்பான் சவாய். அவன் இரண்டு குதிரைக்காரர்களில் வாய்த்துடுக்கு உள்ளவன்; ஜோகாராமைச் சித்தப்பா முறையில் காகா என்பான்.

"நடந்தாத்தான்டா எனக்கு ரொட்டி செரிக்குது."

"கம்பு ரொட்டி ரெண்டு செரிக்க எட்டு நாள் நடையா? நல்லா இருக்கு உன் வயிறு!"

காரணம் சவாய்க்கும் தெரியும். லாடியின் இடது கண்ணுக்கு நேர் கீழே ஒரு சுழி இருந்தது. கண்ணீர்ச் சுழி. கண்ணிலிருந்து நீர் வழிந்து நிற்கும் இடத்தில் மயிர் சுழித்திருக்கும். அந்தச் சுழியுள்ள குதிரை எவனுக்குச் சொந்தமோ, எவன் ஏறுகிறானோ, அவன் வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள். மார்வாரில் குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்க்கிறானோ இல்லையோ, சுழியைப் பார்ப்பான்.

அதைப் பார்க்கத் தவறியவர் ஜோகாராமேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே சந்தையில், வற்றிய லூணி ஆற்று மணலில், அரண்மனை எஜமான் பெரிய டாகுருக்காக இளங்குதிரையான லாடியைத் தேர்ந்தெடுத்தது அவர். நாலு காலும் வெள்ளை, காதுநுனிகள் ஒன்றையொன்று தொட்டன, மேலிருப்பவரைக் குலுக்காத ரேவால் நடையோ தண்ணீராய் ஓடியது. நடையில் சொக்கிப்போய், குஞ்சம் தொங்கிய முகப்பட்டையைக் கழற்றிப் பார்க்காமலே தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போதுதான் சுழி தெரிந்தது. மூன்றாம் மாதம் டாகுரின் மனைவி டாகுராணி மாடிப்படியில் விழுந்து இறந்தாள். எண்பத்திரண்டு வயது, பார்வை இல்லை, படியில் கைப்பிடி இல்லை. பழி குதிரைமேல் விழுந்தது, அதைக் கொண்டுவந்தவர்மேலும் விழுந்தது.

அரண்மனைக்காரர் யாரும் அதற்குப் பிறகு லாடியைத் தொடவில்லை. பெரிய டாகுர் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு ஒதுக்கிவிட்டார். "கடல் தாண்டிப் போறவன் பின்னாடி சுழி கப்பலேறியா போகும்?" என்று சிரித்தார். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் ஜோகாராமுக்கு. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது பெரிய டாகுர் இல்லை. மகன் குமேர் சிங் சவாரித் தொழிலை நடத்துகிறான். சந்தைக்கு வந்த மறுநாள் காலை, விருந்தாளிகளைக் காரில் ஜோத்பூருக்கு அனுப்பிவிட்டு, ஜோகாராமிடம் வந்தான்.

"ஜோகா, லாடிய இன்னிக்கு வித்துடு. லாரியில அஞ்சு குதிரைக்குத்தான் இடம். அஞ்சு மணிக்குள்ள விக்கலைன்னா இங்கயே அவுத்து விட்டுட்டு வா."

"ஹுக்கும்," என்று எஜமானை அழைத்தார் ஜோகாராம். "இந்த மணல்லயா? தீனி போட ஆளில்லாம..."

"யாரு வேணா ஓட்டிக்கிட்டுப் போகட்டும். அந்தத் தரித்திரம் என் லாயத்துக்குள்ள திரும்ப வரக்கூடாது. முகப்பட்டையக் கழட்டாதே, புரியுதா?"

புரியாமல் என்ன? சந்தையில் அவிழ்த்துவிட்ட குதிரைகளின் கதி ஜோகாராமுக்குத் தெரியும். விலா எலும்பு தெரிய, நெகிழிப் பையைத் தின்றுகொண்டு, கல்லடி பட்டுக்கொண்டு திரியும். சுழியுள்ளது என்று தெரிந்தால் இன்னும் நாலு கல் கூடுதலாக விழும்.

மத்தியானம் ஒருவர் வந்தார். ஜாலோர் பக்கத்துச் சீரக விவசாயி, மங்களாராம் சௌத்ரி. தலைப்பாகை பெரிது, பேச்சு அதைவிடப் பெரிது. மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும். பல்லைப் பார்த்தார். குளம்பைத் தூக்கித் தட்டினார். காதைத் தடவினார். முகப்பட்டையைத் தொடவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தான் நின்ற இடத்தில் இந்த மனிதர் நிற்கிறார் என்று ஜோகாராமுக்குத் தோன்றியது. விற்றுவிட்டால் இன்றைக்குத் தப்பலாம். நாளைக்கு இவர் வீட்டில் குளிப்பாட்டுவார்கள். அப்புறம் அடுத்த சந்தை, அடுத்த முகப்பட்டை. நினைக்கவே அலுப்பாக இருந்தது.

"முகப்பட்டையக் கழட்டிப் பாருங்க சௌத்ரி," என்றார்.

சௌத்ரி பார்த்தார். சுழியை விரலால் தடவினார். அவர் போய்விடுவார் என்று ஜோகாராம் நினைத்தார், போகவில்லை.

"நீயாச் சொன்னதுக்காகக் கேக்கறேன். எத்தனை வருஷமா இவகூட இருக்க?"

"பன்னெண்டு."

"உன் வீட்ல அழுகை உண்டா?"

"என் மூத்த பொண்ணு காய்ச்சல்ல போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு. இவ வர்றதுக்கு முன்னாடி."

"யாரையாவது கீழ தள்ளியிருக்காளா?"

"ஒருத்தரைக்கூட இல்ல. ஒரு வெள்ளைக்காரம்மா இவமேல தூங்கிக்கிட்டே வந்தாங்க."

"அப்ப சுழி பொய்யிங்கற?"

"சுத்தப் பொய்."

"நல்லது. நானும் எங்கப்பன்கூட இதுக்குத்தான் சண்டை போடுவேன்." சௌத்ரி மணலில் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "எங்க, ஏறு. நடையைக் காட்டு."

விற்கிறவன் ஏறி ஓட்டிக் காட்டுவது சந்தை வழக்கம். சேணம் போட்டே இருந்தது. ஜோகாராம் வாரைச் சேர்த்துப் பிடித்தார், இடது காலை அங்கவடிக்குத் தூக்கினார். கால் அங்கேயே நின்றது. மகன் சூரத்தில் துணி ஆலையில் இருக்கிறான். பேரனுக்கு ஏழு மாதம், இன்னும் பல் முளைக்கவில்லை. அந்தக் குழந்தையின் முகம் கண்ணுக்குமுன் வந்தது. காலை இறக்கிவிட்டார்.

"முட்டி வலி, சௌத்ரி."

சௌத்ரி பீடியை மணலில் குத்தி அணைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் ஜோகாராமுக்குத் தாங்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா ஊரான் வீட்டுப் பிள்ளைங்களை இவமேல ஏத்தியிருக்க. நீ ஒரு தடவைகூட ஏறல. என் மகனை ஏத்தச் சொல்றியா தம்பி?"

எழுந்து, மணலைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜோகாராம் அப்படியே நின்றார். வெட்கமாக இருந்தது. குமேர் சிங் வாய்விட்டுச் சொன்னதை இவர் வாய்திறக்காமல் பன்னிரண்டு வருஷம் செய்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். தீனி வைத்தார், தேய்த்துவிட்டார், வெல்லம் ஊட்டினார். ஊரே இவளுக்குச் செய்த அவமானத்தையும் கூடவே செய்தார்.

அஞ்சு மணிக்கு லாரி வந்தது. ஐந்து குதிரைகளும் ஏறின. சவாய் லாடியின் சேணத்தையும் முகப்பட்டையையும் கழற்றி உள்ளே போட்டான்; அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. குமேர் சிங் முன்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அவுத்து விட்டாச்சா? ஏறு."

"நீங்க போங்க ஹுக்கும்."

"அந்தச் சனியனோட வந்தா உனக்கும் லாயத்துல இடம் கிடையாது."

"சரிங்க ஹுக்கும்."

லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஆற்றில் தண்ணீருக்குத் தோண்டிய ஊற்றுக்குழி ஒன்று, அதன் பக்கத்தில் ஈர மணல் மேடு. ஜோகாராம் பிடரி மயிரைப் பிடித்து லாடியை அதன் ஓரம் நிறுத்தினார். பேரனை நினைத்துப் பயந்துகொண்டேதான் மேட்டில் ஏறினார், பயந்துகொண்டேதான் காலை அந்தப் பக்கம் போட்டார். குதிரை அசையவில்லை. உட்கார்ந்து முடித்த பிறகு ஒரு பெருமூச்சு விட்டு நடந்தாள். நாலடியில் ரேவால் வந்துவிட்டது. உள்ளங்கையில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தால்கூடச் சிந்தியிருக்காது. வெளிநாட்டவர்கள் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்வார்களே, அது இதுதானா? மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தார். இடுப்பு முதல் பாதம் வரை வலி ஒவ்வொன்றாக இறங்கியது. ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

தேநீர்க் கடை வாசலில் சௌத்ரி நின்றிருந்தார். கண்ணாடிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சாலைக்கே வந்துவிட்டார்.

"அடேயப்பா, என்ன நடை! தம்பி, நிறுத்து! இப்பக் குடு, நான் எடுத்துக்கறேன். எங்கப்பன் என்ன சொன்னாலும் பரவாயில்ல!"

ஜோகாராம் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிறுத்தவில்லை.

"ஊருக்கு எட்டு நாள் ஆகும் சௌத்ரி. இனிமே என்னால நடக்க முடியாது."