பள்ளிக்கூட வேன் கோணலாக ஓடிய காலை

இதை எழுதத் துணிவு வர இத்தனை வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நோட்டை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். சாமி கும்பிடாதவர்கள் படித்தால் பூஜை போட்டதால் வந்த வினை என்று சிரிப்பார்கள். கும்பிடுகிறவர்கள் படித்தால் நான் பூஜையைக் குறை சொல்கிறேன் என்று வருத்தப்படுவார்கள். நானோ மீனாட்சியை நினைக்காமல் காலையில் காபி குடிக்காதவன். இரண்டு பக்கத்துக்கும் பயந்து சும்மா இருந்துவிட்டேன். பட்டறையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்று இப்போது எழுதுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. வண்டி வீட்டுக்கு வந்தது

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு பஸ் கம்பெனி பட்டறையில் நான் ஃபிட்டர். வீடு ஆனையூரில். என் மனைவி பேச்சியின் தம்பி முத்தையா, சமயநல்லூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினான். அதை நடத்தியவர் ரிட்டயர்டு ஆன ஒரு டீச்சர். பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பள்ளிக்கூடத்துக்கு இருந்தது அந்த ஒரு பழைய வேன்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் முத்தையா வேனை நேராக என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். பின்பக்கம் வலது புறம் இறங்கி நின்றது. கீழே படுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கில் மெயின் பட்டை விரிசல் விட்டிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். அந்த அடுக்கு பின் அச்சின்மேல் உட்கார்ந்து பாரத்தைத் தாங்கும். இரண்டு யூ போல்ட் அதை அச்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கும்.

அந்த மாதத்தில் வேன் ஏற்கெனவே இரண்டு முறை வழியில் நின்றிருந்தது. பெரிய டீச்சர் முத்தையாவைத்தான் சந்தேகப்பட்டார். விஜயதசமியன்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளைச் சுற்று ஊர்களிலிருந்து கூட்டிவர வேண்டும், அன்றைக்கும் வண்டி வராவிட்டால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம். பட்டறைகளில் எல்லாம் வெள்ளையடிக்கிறார்கள், ஆள் கிடைக்கவில்லை என்றான்.

"கழட்டுறத இன்னைக்கே கழட்டிரலாம் மாப்ள. ஆனா மாட்டுறது விஜயதசமி காலையிலதான். பூஜையில வச்ச சாமான நடுவுல தொடமாட்டேன்" என்றேன்.

"நீங்க எப்பச் சொன்னாலும் சரி மச்சான். ஏழு மணிக்கு வண்டி உருளணும், அம்புட்டுத்தான்" என்றான்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, கல் அடுக்கி, வலது பக்க ஸ்பிரிங்கை இறக்கினோம். ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவரிடம் கொடுத்து, மெயின் பட்டையைப் புதிதாகப் போட்டு வாங்கிவர மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

சாயங்காலம் பூஜை. ஸ்பேனர்களைக் கழுவி வாழை இலையில் வரிசையாக வைத்தேன். பேச்சி சந்தனப் பொடியைக் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தாள். சுத்தியல், ஜாக்கி, ஸ்பிரிங், வேனின் முகப்பு, ஸ்பிரிங் கழற்றியதில் திறந்து கிடந்த அச்சு என்று ஒரு இடம் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். முத்தையா வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

2. நாய் ஓட்டம்

மறுநாள் விடியும்போதே கற்பூரம் காட்டி, கும்பிட்டு, ஸ்பேனரை எடுத்தேன். ஸ்பிரிங்கை அச்சின்மேல் வைத்து, யூ போல்ட்டுகளைப் போட்டு, ஸ்பேனரில் பைப்பை மாட்டி நாலு நட்டையும் முறுக்கினேன். இனி முறுக்கினால் போல்ட் அறுந்துவிடும் என்கிற அளவு. ஏழுக்கு முன்பே முத்தையா கிளம்பிவிட்டான்.

எட்டு மணிக்கு அதே வேன் திரும்பி வந்து வாசலில் நின்றது. முன் சீட்டில், பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடவே கிளம்பியிருந்த பெரிய டீச்சர்.

"எங்கடா போறேன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறான். அங்க பிள்ளைங்க பவுடர் போட்டுக்கிட்டு ரோட்டுல நிக்குதுங்க" என்றார் என்னைப் பார்த்து.

முத்தையா இறங்கி என் பக்கத்தில் வந்தான். "மச்சான், வண்டி நாய் ஓடுற மாதிரி ஓடுது. முகம் ஒரு பக்கம் பாக்குது, பின்னாடி ஒரு பக்கம் போகுது. பிள்ளைகள ஏத்த மனசு வரல."

எனக்கு நம்பிக்கை இல்லை. மெதுவாக ஓட்டச் சொல்லிப் பின்னாலேயே நடந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் தெரு ஈரமாக இருந்தது. பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்தின்மேல் விழாமல், விலகித் தனியாக ஓடியது. அதைப் பார்த்ததும் பயத்தைவிட, இது எப்படி என்று அறிகிற ஆசைதான் எனக்கு அதிகமாக வந்தது. டயரில் காற்று சரியாக இருந்தது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இல்லை. பேச்சியிடம் பூ கட்டுகிற நூலை வாங்கி, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது. அச்சு பின்னால் நகர்ந்திருக்கிறது.

கீழே படுத்து நட்டைத் தொட்டேன். பைப் போட்டு முறுக்கிய நட்டு விரலுக்கே சுற்றியது. ஒரு மணி நேரத்தில் நாலு நட்டும் எப்படித் தளரும்? நட்டில் மரை தேயவில்லை, யூ போல்ட் நீளவில்லை. கழற்றி ஸ்பிரிங்கைத் தூக்கினேன். அச்சிலிருந்து மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே சந்தன வாசம்.

விஷயம் இதுதான். ஸ்பிரிங் உட்காருகிற இடத்தில் அச்சின் நடுவே ஒரு துளை இருக்கும். சென்டர் போல்ட்டின் தலை அதற்குள் இறங்கினால்தான் அச்சு முன்னும் பின்னும் நகராது. பூஜையன்று பொட்டு வைக்க வாகான குழியாக இருக்கிறதே என்று நான் அதில்தான் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி அழுத்தியிருக்கிறேன். அது காய்ந்து கல்லாகிவிட்டது. போல்ட் தலை உள்ளே இறங்காமல் அதன்மேல் ஏறி உட்கார, நான் அந்தச் சந்தனத்தைத்தான் முறுக்கியிருக்கிறேன். வண்டி ஓடியதும் அது நொறுங்கியது, நட்டு தளர்ந்தது, அச்சு நழுவியது.

3. சொன்னது

முத்தையாவுக்கும் புரிந்துவிட்டது. "போல்ட்டு தேஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க மச்சான். நம்மளத் தவிர யாருக்குத் தெரியப்போகுது" என்று காதில் சொன்னான்.

வாசலில் நின்ற பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா சாமி மேல பழி வராமப் பாத்துக்கங்க" என்றாள்.

அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் போல்ட் தேய்ந்தது என்றால், தேயும்வரை கவனிக்காத டிரைவர் என்று முத்தையா தலையில்தான் விழும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"டீச்சரம்மா, தப்பு என்னோடது. போல்ட்டு உக்காரவேண்டிய குழியில நான் சந்தனத்த அப்பி வச்சிட்டேன். முத்தையாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இறங்கி வந்து, எந்தக் குழி என்று காட்டச் சொன்னார். சேலையைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்து, விரலை அந்தத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய பொடியை முகர்ந்து பார்த்தார். எதற்கு இந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், பிள்ளைகளை ஏற்றியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பாரம் ஏறினால் இன்னும் நகரும், வளைவில் வண்டி கைக்கு அடங்காது என்று மறைக்காமல் சொன்னேன்.

விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு முத்தையாவைப் பார்த்துச் சொன்னார்: "வர்ற வழி பூரா உன்னத் திட்டிக்கிட்டே வந்தேன். இன்னையோட உன்ன நிப்பாட்டுறதுன்னு முடிவு பண்ணித்தான் உக்காந்திருந்தேன். நீ திரும்பாமப் போயிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன் பாரு. இனி வண்டி ஓடும், ஓடாதுன்னு நீ சொல்றதுதான். நான் கேக்க மாட்டேன்."

என்னிடம், "மாட்டுங்க. நல்ல நேரம் போனாப் போகட்டும். பிள்ளைங்க எழுதுற நேரம் எல்லாம் நல்ல நேரந்தான்" என்றார்.

துளையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, போல்ட் தலை உள்ளே இறங்கியதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முறுக்கினேன். நானும் கூடவே போனேன். சமயநல்லூரில் நிறுத்தி இன்னொரு முறை முறுக்கிய பிறகுதான் முதல் பிள்ளையை ஏற்றினோம். பதினொரு மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகள் அரிசியில் அ எழுதின. முத்தையா அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கடைசிவரை ஓட்டினான்.

தொழில் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது: பூஜை போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் துளையிலும், நட்டு ஏறுகிற மரையிலும், இரண்டு இரும்பு சேருகிற முகத்திலும் பொட்டு வைக்காதீர்கள். எதை மாட்டினாலும் கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி முறுக்குங்கள்.

இந்தச் சம்பவம் ஊரில் வேறு வேறு மாதிரி உலவுகிறது. அம்மன் முத்தையா கனவில் வந்து தடுத்தாள் என்கிறார்கள் சிலர். வேன் கவிழ்ந்து பிள்ளைகளுக்கு அடிபட்டது என்கிறார்கள் சிலர். கனவும் வரவில்லை, வேனும் கவிழவில்லை. நீங்கள் யாருக்காவது சொல்வதாக இருந்தால், தயவுசெய்து இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். எதையும் சேர்க்க வேண்டாம். பூஜைக்குக் குறை என்று சந்தனத்தை எடுத்துவிடவும் வேண்டாம். அதை வைத்தது நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.