பூஜையில் வைக்காத புத்தகம்

மகள் திண்டுக்கல் காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்த சமயம். எரியோட்டில் எங்கள் வீட்டு சரஸ்வதி பூஜைக்கு அவள் புத்தகங்களை நான்தான் அடுக்கினேன். ஒரு பாட்டுப் புத்தகத்தில் கிரேக்க தேசத்துச் சாமிகளின் படங்கள், மேலே ஒட்டுத்துணி இல்லை. பதறிப்போய்த் தவிட்டுச் சாக்குக்குள் ஒளித்துவிட்டேன். சூடம் காட்டி முடித்தும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தப் படிப்பே வேணாம் தாயி. இனிமே காலேஜுக்குப் போகாத" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"யப்பா, இத எழுதுன வெள்ளைக்காரரு பைபிள் மேல அம்புட்டு பக்தி உள்ளவரு. ஆனாலும் அந்தக் காலத்துக் கிரேக்கக் கவிஞர்க மாதிரியே, பாட்டுக்குன்னு இருக்குற தேவதையக் கூப்புட்டுத்தான் ஆரம்பிக்கிறாரு. 'என் நாவுல வந்து பாடு தாயே'ங்குறாரு. நீங்க இம்புட்டு நேரம் யாரக் கும்புட்டீக?"

தவிட்டைத் துடைத்து, குங்குமம் வைத்து, அந்தப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. அவள் முதலில் எடுத்து வாசித்தது அதைத்தான். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. ஆனாலும் கைகூப்பியபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.