பேர் வெட்டின தேக்சா

மயிலாப்பூர்க்காரர்களில் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் கொத்துமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசப் போன ஆள் யாரென்று கேட்டால், எங்கள் வீட்டு மாப்பிள்ளை இக்னேஷியஸைத்தான் கை காட்டுவேன். என் அக்காள் மகள் லூயிசாவின் புருஷன். வாங்கின கடனை இனிக் கட்ட முடியாது என்று ஹைகோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் முகம், பல் பிடுங்கிவிட்டு வந்தவன் முகம் மாதிரி இருந்தது. வீக்கம் இருக்கு, வலி போச்சு.

கடன் வந்த கதை சின்னது. லூயிசா வீட்டிலேயே சமைத்து ஆபீஸ்களுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புகிறவள். தினம் அறுபது சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமையானால் யார் வீட்டிலாவது விசேஷத்துக்குப் பிரியாணி. அது போதாதென்று இவன் பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கேன்டீனை எடுத்தான். மாவு ஆட்ட மெஷின், தோசை சுட மெஷின், எல்லாம் தன் கையெழுத்தில் கடன். எட்டு மாசத்தில் கொரோனா வந்தது. கம்பெனிக்காரர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போனார்கள். தோசை மெஷினை எந்த வீட்டுக்கு அனுப்புவது? மூணு வருஷம் முட்டி மோதிப் பார்த்தான். வட்டி இவனைவிட வேகமாக ஓடியது.

வக்கீல் வெங்கடரமணன் நாலே வார்த்தையில் விளக்கிவிட்டார்.

“உம்ம பேர்ல இருக்கறது எல்லாம் கோர்ட் கைக்குப் போயிடும். உங்க ஆத்துக்காரியோட சீர் அவாளுது, அதை யாரும் தொட முடியாது. சமையல் லைசென்ஸ் யார் பேர்ல?”

“லூயிசா பேர்ல சார். ஆரம்பிச்சது அவதான்.”

“அப்ப அடுப்பு அணையாது. நீர் அங்கே சம்பளத்துக்கு வேலை பாரும்.”

“பொண்டாட்டிகிட்ட சம்பளமா சார்?”

“இத்தனை வருஷம் சம்பளமில்லாம பண்ணலையா ஓய்?”

அன்றிலிருந்து லூயிசாவை அவன் ‘முதலாளியம்மா’ என்றுதான் கூப்பிட்டான். கடன்காரன் போன் பண்ணினால், “ஹைகோர்ட்டுக்கு வா சார், கேஸ் நம்பர் தரேன், எழுதிக்கோ” என்பான்.

எல்லாம் சரி. தேக்சா ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

நூற்றைம்பது பேருக்குப் பிரியாணி ஆக்குகிற செம்புத் தேக்சா அது. அது இருந்தால்தான் விசேஷ ஆர்டர். விசேஷ ஆர்டர் இருந்தால்தான் வீட்டு வாடகை. அறுபது சாப்பாட்டில் வருவதில் கேஸுக்கும் கறிகாய்க்கும் போகச் சொற்பம்தான் மிஞ்சும். அந்தத் தேக்சா போய்விட்டால் லூயிசாவின் தொழில் பாதியாகிவிடும்.

எங்கள் அத்தான் டெரிக், லூயிசாவின் அப்பா, கல்யாணத்துக்குப் பெரிய பித்தளை அண்டா கொடுத்திருந்தார். அதில் மகள் பேர் வெட்டியிருந்தது. பிற்பாடு அண்டா ஓட்டையாச்சு. இவன் அதைக் கடையில் போட்டு, மேலே கைக்காசு வைத்து, இந்தத் தேக்சாவை எடுத்தான். பேர் வெட்டுகிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரன், “இன்னா பேர் சார்?” என்று கேட்டிருக்கிறான். நல்ல வியாபாரம் நடந்த காலம். மார்பு விரிந்து போய், “இக்னேஷியஸ்” என்றுவிட்டான். லூயிசா அப்போதே, “எங்கப்பா அண்டாவுல உன் பேரா?” என்று பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோர்ட்டிலிருந்து சாமான் கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முந்தின நாள், சமையலுக்கு இருக்கிற கபாலி ஒரு வழி சொன்னான். இவர்களோடு பதினெட்டு வருஷமாக அடுப்படியில் வேகிறவன்.

“நைனா, இதுக்கா மண்டைய ஒடைச்சிக்கினு கீற? முன்னால ‘லூயிசா’ன்னு வெட்டிடு. லூயிசா இக்னேஷியஸ். அண்ணி பேரு ஆயிடுச்சா? மேட்டர் ஓவர்.”

“புதுசா வெட்டுனா பளபளன்னு தெரியும்டா.”

“ரெண்டு வாட்டி அடுப்புல ஏத்துனா தன்னால கறுத்துடும்.”

லூயிசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்தாள். இக்னேஷியஸ் தேக்சாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அப்புறம், “மெஷின் வாங்கக்கொள்ள கையெழுத்துப் போட்டது நானு. இதுல பேர் சொன்னதும் நானு. மாட்டிக்கினப்புறம் மட்டும் அவ பேரா? போடா, போய் வெங்காயம் உரி” என்றான்.

மறுநாள் வந்தது ரூஹி என்று ஒரு சின்னப் பெண். கண்ணாடி, கையில் அட்டை, நல்ல மரியாதை. ஆனால் கண்டிப்பு.

“பாத்திரத்துல பேர் இருந்தா மட்டும் போதாதும்மா. யார் குடுத்தாங்க, எப்போ குடுத்தாங்கன்னு சொல்லணும்.”

லூயிசா என்னைப் பார்த்தாள். சொந்தக்காரர் வகையறாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

“இந்தக் குத்துப்போணி தங்கம் பெரியம்மா குடுத்தது. அவங்க தஞ்சாவூரிலேருந்து பஸ்ஸுல மடியில வச்சிக்கினே வந்தாங்க. இந்த ஜோடித் தவலை ரொனால்ட் மாமா. ஒண்ணுதான் தரேன்னு இருந்தாரு, சம்சாரம் வாசல்ல நிறுத்திக் கேட்டதும் ரெண்டாச்சு. இந்தச் சொம்பு சான்ட்ரா குடுத்தது. சொம்பு உள்ளங்கை அளவுதான், பேரு மட்டும் சுத்தி வளைச்சு மூணு வரி.”

ரூஹிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் சீர்வரிசை போட்டோவை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு சாமான் லூயிசா பக்கம் எழுதியாச்சு.

“இது?”

தேக்சாவைத்தான் கேட்டாள். லூயிசா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். சின்னம்மா என்றாலும் பெற்றவள் மாதிரிதானே. “அது எங்க அத்தான் டெரிக் குடுத்த அண்டா...” என்று வாயைத் திறந்துவிட்டேன். பாதி நிஜம்தானே என்று ஒரு தைரியம்.

“சின்னத்தே, நிறுத்து.” வாசற்படியில் நின்றிருந்த மாப்பிள்ளை உள்ளே வந்தான். “அண்டா அவர் குடுத்தது மேடம். அதை மாத்தி, மேல காசு போட்டு இதை வாங்குனது நானு. பேரும் என்னுது. எழுதிக்கோங்க.”

அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் வண்டி வந்து தேக்சாவை ஏற்றிக்கொண்டு போயிற்று.

லூயிசாவின் கோபம் நாலு நாள் நீடித்தது. சாப்பாடு போட்டாள், அப்பளம் போடவில்லை. அந்த மே மாசம், சர்ச்சில் பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்துக்கு நூற்றைம்பது பிரியாணி ஆர்டர் இருந்தது. வாடகைத் தேக்சாவில் அடி பிடித்துப் போய், கபாலி அந்தத் தேக்சாவின் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். பாதிப் பணம்தான் கைக்கு வந்தது. அதற்குமேல் விசேஷ ஆர்டரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

மழைக்காலத்தில் வக்கீல் போன் பண்ணினார். சாமான் ஏலத்துக்கு வருகிறதாம். கோர்ட்டில் சொல்லிவிட்டு, சொந்தக் காசில் சம்சாரம் ஏலம் கேட்கலாமாம். அறுபது சாப்பாட்டில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி லூயிசா சேர்த்து வைத்திருந்த காசு எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ரவை டப்பா. எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

போட்டிக்கு ஒரே ஆள், பழைய பாத்திரக்கடை முதஸ்ஸிர். இவள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று ஏற்ற, இவள் கையிலிருந்த நோட்டை நான் கண்ணாலேயே எண்ணினேன். கடைசியில் அவர் செம்பின் எடையை மனசுக்குள் போட்டுப் பார்த்தார்.

“அதுக்கு மேல எனக்கு நட்டம்மா. நான் உருக்கப் போறவன், நீ ஆக்கிப் போடப் போறவ. எடுத்துக்கோ.”

நேரே பேர் வெட்டுகிற கடைக்குப் போனோம். அங்கே மாப்பிள்ளை, இவள் போனில் சொன்னபடி, ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தான். கீழே உட்கார்ந்து தேக்சாவை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

“முன்னால ‘லூயிசா’ன்னு போடு” என்றாள் இவள்.

“இடம் கம்மியா கீதும்மா. பொடி எழுத்தா போடவா?”

“அவர் பேரைவிடப் பெருசா போடு.”

மெஷின் டர்ரென்று ஓடியது. கறுத்துப்போன ‘இக்னேஷியஸ்’ பக்கத்தில் ‘லூயிசா’ பளிச்சென்று எழுந்தது. இக்னேஷியஸ் செம்புத்தூளை ஊதித் தள்ளிவிட்டு எழுத்தெழுத்தாகப் படித்தான். அப்புறம் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

“ஏலத்து ரசீதைப் பத்திரமா வை முதலாளியம்மா. உன் சம்பளக்காரன் நாளைக்கு இது என்னுதுன்னு சொல்லிடப் போறான்.”

“சொல்லிப் பாரு” என்றாள் அவள். “தூக்கு, தூக்கு. ஞாயித்துக்கிழமைக்கு ஆர்டர் எடுத்துட்டேன்.”