கட்டைவிரலால் தேய்ந்த மேசையைத் தேடி சொண்டர்போர்க் போன கதை

டென்மார்க்கின் தெற்கே, ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சொண்டர்போர்க்குக் இந்தச் செப்டெம்பரில், கடந்த சனிக்கிழமை போய்வந்தேன். நான் இருக்கும் வைலேயில் இருந்து ஏறத்தாழ நூற்றுப்பதினைந்து கிலோமீட்டர். காலையில் வெளிக்கிட்டால் பொழுதுபடுவதற்குள் வீட்டில் நிற்கலாம். திட்டம் போட்டது இரண்டு பேர், போனது நான் ஒருத்தி. அதனால் கீழே வரும் செலவெல்லாம் ஓராளுக்கானது.

மற்ற ஆள் கோல்டிங்கில் இருக்கும் ரதி அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். போன வருடம் பெப்ரவரியில் அவருடைய கணவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீடு விறைத்துப்போய்க் கிடக்கிறது என்று சொன்னார். என் வீடு பல வருடமாகவே அப்படித்தான். எனக்கு விவாகரத்தாகி, மகனும் கோப்பன்ஹேகனுக்குப் போய்விட்டான், நான் என்ன எழுதினாலும் பெருவிரலைத் தூக்கிக்காட்டும் படம் ஒன்றைத்தான் பதிலாக அனுப்புவான். ஆகவே நானும் ரதி அக்காவும் ஒரு வேலை செய்தோம். வெள்ளி எட்டு மணிக்கு அவர் தன் சோபாவில், நான் என் சோபாவில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, டியூடர் அரச குடும்பத்தைப் பற்றிய ஒரு தொடரைச் சேர்ந்து பார்த்தோம்.

சேர்ந்து பார்த்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் பார்த்தார், நான் பிழை பிடித்தேன். விருந்து மேசையில் உருளைக்கிழங்கு வந்தால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் உருளைக்கிழங்கே இல்லை என்பேன். எட்டாம் ஹென்றி கடைசிவரை ஒட்டின வயிற்றோடு திரிந்தால், அந்த மனிதனை வயதான காலத்தில் தூக்கி இருத்தவே ஆள் தேவைப்பட்டது என்பேன். முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்கிறவளுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? ரதி அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். பிறகு, "வசந்தி, நீ வாயை மூடினால் நான் மிச்சத்தைப் பாப்பன்" என்பார்.

பெரிய சண்டை கிறிஸ்டினாவால் வந்தது. டென்மார்க் அரசனின் மகள், பதின்மூன்று வயதில் விதவையானவள். மூன்றாவது மனைவியும் செத்தபிறகு ஹென்றி இவளைப் பெண் கேட்டு, படம் வரைய ஓவியரை அனுப்பினார். தனக்கு இரண்டு தலை இருந்தால் ஒன்றை இங்கிலாந்து அரசருக்குத் தரலாம் என்று அவள் சொன்னதாக ஒரு கதை உண்டு. தொடரிலும் அதைச் சொன்னாள். ரதி அக்கா கைதட்டினார். நான் போனுக்குள் கத்தினேன், அந்த நாளைய கடிதம் எதிலும் அந்த வார்த்தை இல்லை, பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்டது என்று.

"கடிதம் எழுதினவன் ஆர்? ராசாட்டைச் சம்பளம் வாங்கினவன்தானே," என்றார் ரதி அக்கா. "அந்தப் பிள்ளை மனசில நினைச்சிருக்கும். நினைச்சதைச் சொல்ல வைக்கத்தானே நாடகம்."

"அப்ப ஆரும் எதையும் சொன்னதெண்டு எழுதலாமே அக்கா? பிறகு சரித்திரம் எண்டு ஒண்டு எதுக்கு?"

"உன்ரை சரித்திரத்தை நீயே வச்சிரு," என்று போனை வைத்தார். அடுத்த வெள்ளி வழமைபோல் போன் எடுத்தார். கிறிஸ்டினாவின் தகப்பன், இரண்டாம் கிறிஸ்டியன், சொண்டர்போர்க் கோட்டையில் பதினேழு வருடம் சிறையிருந்தவர். ஒரு வட்ட மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து, கட்டைவிரல் உரசிய இடத்தில் மேசை பள்ளமாகத் தேய்ந்தது என்று அவரைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது. நேரே போய்ப் பார்ப்போம், யார் சரி என்று தெரியும் என முடிவெடுத்தோம். அதுதான் திட்டம்.

போகவில்லை. இந்த வருடம் பெப்ரவரியில் ஆண்டுத் திவசம் வந்தது. ரொறன்ரோவில் இருந்து கணவரின் தங்கை, ரதி அக்காவின் மச்சாள், வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கும்போது ரதி அக்கா சொன்னார், "கடைசி நேரம் நான்தான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். என்ரை பேரைச் சொன்னவர்." நான் சோற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமைப் பழக்கமோ, என் பிறவிக் குணமோ, வாய் முந்திக்கொண்டது. "இல்லை அக்கா, நீங்கள் அப்ப வீட்டை குளிக்கப் போயிருந்தனீங்கள். நான்தான் பக்கத்தில நிண்டனான்."

மச்சாள் ரதி அக்காவைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. "ஒரு மணித்தியாலம் பொறுக்க ஏலாமப் போச்சு, என்ன?" என்று மட்டும் மச்சாள் கேட்டார். ரதி அக்கா எழும்பிக் குசினிக்குள் போனார். அன்றோடு வெள்ளிக்கிழமைகள் நின்றன. ஏழு மாதம், ஒரு ஹலோ கூட இல்லை. என் வீட்டில் நானே என்னோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன், அதுவும் தேநீர் ஊற்றும்போது சத்தமாக. அந்தக் கோட்டைக்குப் போய் மேசையைப் படமெடுத்து ரதி அக்காவுக்கு அனுப்பினால் பேச்சுத் தொடங்கும் என்று நினைத்தேன். பயணத்தின் உண்மையான காரணம் அதுதான்.

இனிப் பயணம். வைலேயில் 8.36 ரயில், கோல்டிங்கில் 9.05க்கு இறங்கி 9.21க்கு மாறவேண்டும். சொண்டர்போர்க் 10.32. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட், ஒரு வழிக்கு 99 குரோனர். கோல்டிங் மேடையில் பதினாறு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ரதி அக்கா வீடு அங்கிருந்து பஸ்ஸில் ஏழு நிமிடம். தமிழ் முகம் ஒன்று எதிரே வந்தால் யாரென்று பார்க்காமலே போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

சொண்டர்போர்க் ஸ்டேஷனில் இறங்கினால் கோட்டை கடலுக்கு அந்தப் பக்கம். பாலத்தைக் கடந்து நடக்க இருபது நிமிடம், டாக்சி தேவையில்லை. பாய்மரப் படகு வந்தால் பாலத்தை நடுவில் திறப்பார்கள், எனக்கு எட்டு நிமிடம் போனது. பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர்கள் எல்லோரும் இரண்டு இரண்டு பேர். காற்று நன்றாகவே அடிக்கும், செப்டெம்பர் என்று ஏமாறாமல் காதை மூடும் தொப்பி கொண்டுபோங்கள். கோட்டை செங்கல் நிறத்தில் தண்ணீரோரம் சதுரமாக நிற்கிறது. உள்ளே போக நான் கொடுத்தது 110 குரோனர்.

மேசையைத் தேடி மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். போர்க் காலத்து உடுப்புகள் இருந்தன, பழைய கட்டில்கள் இருந்தன, மேசை இல்லை. கடைசியில் காவலுக்கு நின்ற பெண்மணியிடம் கேட்டேன். அறுபது வயதிருக்கும், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது.

"மேசையும் இல்லை, அரசர் இருந்த கோபுரமும் இல்லை. கோபுரத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள்," என்றார்.

"அப்படியானால் அந்தக் கதை?"

"அவருக்கு வேலையாட்கள் இருந்தார்கள், நல்ல சாப்பாடு இருந்தது. மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆனால் நீங்களும் அந்த மேசைக்காகத்தானே வந்தீர்கள்."

எனக்குக் கோபம் வந்தது. நான் நினைத்தது சரியென்று ஆகிவிட்டது, ஆனால் படமெடுத்து அனுப்ப ஒன்றும் இல்லை. கோட்டைக்கு வெளியே புல்லில் இருந்து, கொண்டுபோன பாணையும் சம்பலையும் சாப்பிட்டேன். காற்றுக்குச் சம்பல் கண்ணில் பட்டு எரிந்தது. ஒன்றரை வயதில் நாட்டைவிட்டுப் போன கிறிஸ்டினா தகப்பனைப் பார்க்க இந்தக் கோட்டைக்கு ஒருநாளும் வரவில்லை என்பதை ரதி அக்காவிடம் சொன்னால் அவர் உடனே அழுதிருப்பார். நான் தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டு எழும்பினேன். தனியாகப் போவதில் உள்ள பெரிய குறை இதுதான், பார்த்ததைச் சொல்ல ஆள் இருக்காது.

திரும்பும் ரயில் 14.24. எனக்கு எதிரே ஒரு டெனிஷ் பெண்ணும் அவளுடைய சின்ன மகளும் வந்து இருந்தார்கள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவள், எங்கள் முதியோர் இல்லத்தின் பெயரைச் சொல்லி, அங்கே வேலை செய்கிறீர்களா என்று கேட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் இறந்த ஒரு மூதாட்டியின் மகள் அவள்.

"அம்மா போகும்போது நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னீர்கள்," என்றாள். "நான் வரப் பிந்திவிட்டேன். அதை நினைத்துத்தான் ஆறுதலாக இருக்கிறேன். மகளுக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்."

சின்னப் பெண் என் கைகளைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உண்மை என்னவென்றால், அன்று காலை திரைச்சீலை விலக்கப் போனபோது அந்த அம்மா ஏற்கெனவே குளிர்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. நான் அதை இவளுக்குச் சொல்லவில்லை. எங்கள் வேலையில் யாரும் சொல்வதில்லை. அமைதியாகப் போனார், கையைப் பிடித்திருந்தோம், உங்கள் பெயரைச் சொன்னார்: பத்தொன்பது வருடத்தில் இதை எத்தனை குடும்பத்துக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முன்பின் தெரியாத சனங்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறேன். ரதி அக்கா ஒருவர்தான் தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொண்டார். அதை எல்லோருக்கும் முன்னால் பிடுங்கியவள் நான்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. ரதி அக்காவின் கணவர் இறந்த அன்று, ஆஸ்பத்திரியில் அவர் மூன்று நாளாக அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் வந்து நோயாளியின் மூச்சைப் பார்த்தேன், கால் நகம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். எத்தனை பேரைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும் என்ற எண்ணம். "இன்னும் ஒரு நாள் இருக்கு அக்கா, நீங்கள் ஒருக்காப் போய்க் குளிச்சிட்டு வாங்கோ, நான் நிக்கிறன்" என்று சொன்னது நான். அவர் மாட்டேன் என்றார். நான்தான் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. திவசத்தன்று சரித்திரம் பேசிய நான், இந்தப் பாதியை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கோல்டிங்கில் 15.35க்கு இறங்கினேன். வைலே ரயில் 15.59. மேடையில் இருந்தபடியே ரதி அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஆறாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்.

"சொல்லு," என்றார்.

"அக்கா, அண்டைக்கு உங்களைப் போகச் சொன்னது நான். இன்னும் ஒரு நாள் இருக்கெண்டு சொன்னதும் நான். அதை மச்சாளுக்கு முன்னால நான் சொல்லேல்லை."

"ஓம். சொல்லேல்லை."  பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "நீ சொல்லுவாய் எண்டு அண்டைக்குக் குசினிக்குள்ள நிண்டு பாத்தனான். பிறகு ஏழு மாசமும் பாத்தனான்."

"என்னை மன்னியுங்கோ அக்கா."

"எனக்கு ஏன் சொல்லுறாய்? எனக்குத் தெரியும்தானே. அங்க சொல்லு." மச்சாளின் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். நான் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். வேறொன்றும் கதைக்காமல் போனை வைத்தார்.

ரொறன்ரோவில் அப்போது காலை பத்து மணி ஆகவில்லை. மச்சாள் எடுத்தார். நான் யாரென்று சொல்லி, ஜாக்கெட் எடுத்துக் கொடுத்தது வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். இடையில் வைலே ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது.  கடைசியில் மச்சாள், "அப்ப நீர்தான் அங்க நிண்டனீர்," என்றார்.

"ஓம் அக்கா."

"அண்ணை ஏதும் சொன்னவரே?"

"ரதி எங்கை எண்டு கேட்டவர்," என்றேன்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. நான் போனை வைக்காமல் அவர் அழுது முடியும்வரை நின்றேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோட்டைக்கு இரண்டு மணித்தியாலம் போதும். குளிர்காலத்தில் நேரம் குறைப்பார்கள், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், புல்லில் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையும். மலிவு டிக்கெட் எடுத்தால் தவறவிட்ட ரயிலோடு அதுவும் போய்விடும், நான் கோல்டிங்கில் 68 குரோனர் கொடுத்துப் புது டிக்கெட் எடுத்து ஒரு மணித்தியாலம் கழித்து வீடு வந்தேன். முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிறு காலை ரதி அக்காவிடம் இருந்து, "மச்சாள் எடுத்தவ" என்று இரண்டு சொல் வந்தது. இதை எழுதும்வரை அதுதான் வந்திருக்கிறது. வெள்ளி எட்டு மணிக்கு நான் போனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு இருப்பேன்.

ரதி அக்காவின் கணவர் உண்மையிலேயே அப்படிக் கேட்டாரா என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். அந்த அறையில் நின்றவள் நான் ஒருத்திதான்.