சமைத்ததும் சாப்பிட்டதும்

நாகர்கோவில் போகும் பஸ்ஸில் என் மடியில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. பெட்டியில் முருங்கைக்கீரை. கீரைக்கு அடியில் இருமல் மருந்துக் குப்பி. குப்பிக்குள் ஆஸ்பத்திரியில் கொண்டுவரச் சொன்ன என் சிறுநீர். ஒளித்துத்தான் வைத்திருந்தேன், ஆனாலும் குப்பியின் கழுத்து வெளியே தெரிந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த எங்கள் தெருக்காரி எட்டிப் பார்த்தாள். "நல்லெண்ணெயா மைனி? எந்தச் செக்குல ஆட்டுனது?"

ஏதோ ஒரு செக்கின் பெயரைச் சொன்னேன். சீனி வியாதி எனக்கு முதலில் கற்றுத்தந்தது பொய் சொல்லத்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பவுண்டர் அந்தச் சிறுநீரை நீலநிறத் திரவத்தில் விட்டுக் காய்ச்சினார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் மாறாது. கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், மிக அதிகமானால் செங்கல் நிறம். என்னுடையது செங்கல். அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். என் சேலையை யாரோ உருவியதுபோலக் கூசிப்போனேன்.

நீரிழிவு (உடம்புக்குச் சேரவேண்டிய சர்க்கரை ரத்தத்தில் தேங்கிச் சிறுநீரில் வழியும் நோய்) என்றார் டாக்டரம்மா. அம்மிக்குழவி விழுந்த வலதுகால் பெருவிரல் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்ததற்கும் அதுதான் காரணமாம். தினமும் இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசிமருந்து) போடவேண்டும் என்றார். ஊசி போட என் கணவர் பழகிக்கொண்டார். கை நடுங்காமல், வலிக்காமல் போடுவார்.

"சோத்தைப் பாதியாக் குறைங்க," என்றார் டாக்டரம்மா. "அந்த இடத்தைக் கீரையும் காய்கறியும் வச்சு நிறைங்க. மரச்சீனிக் கிழங்கு, சேனை, எத்தவாழைக்காய் இதொண்ணும் அந்தக் கணக்குல வராது, கேட்டியளா? அதுவும் சோறு மாதிரிதான்."

காய்கறியில் நார் (செரிக்காமல் வயிற்றை நிறைக்கும் பகுதி) இருக்கிறது, அது கூட இருந்தால் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெல்லத்தான் ஏறும் என்றும் விளக்கினார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. தேங்காய்த்துருவல் போட்டு வதக்கிய புடலங்காய்த் துவரன், தடியங்காய்ப் புளிக்கறி, பாவைக்காய்த் தீயல், ஏதாவது ஒரு கீரை என்று தினமும் சமைப்பேன். முதலில் என் கணவரும் கொழுந்தன்மாரும் சாப்பிடுவார்கள். அடுத்து அத்தை, அதாவது என் மாமியார். கடைசியில் நான், கணவர் சாப்பிட்டு எழுந்த இலையில். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அதுதான் முறை.

நான் உட்காரும்போது சோறு இருக்கும், குழம்பு இருக்கும். துவரன் சட்டியில் கடுகும் தேங்காய்த்துருவலும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் கணவர் இலை ஓரத்தில் எனக்கென்று ஏதாவது வைத்திருப்பார். வீட்டில் பாயசம் என்றால் பாயசம், இல்லையென்றால் பொரித்த மரச்சீனி. பிரியம்தான், வேறில்லை. அதையும் தின்பேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டரம்மா கேட்பார்: "காய்கறி என்னவெல்லாம் சாப்பிட்டிய?"

நான் துவரன், தீயல், கீரை என்று ஒப்பிப்பேன். எல்லாம் நான் சமைத்தவை. சாப்பிட்டதை எப்படிச் சொல்வது? வயலும் களமும் உள்ள வீட்டின் மருமகளுக்கு ஒரு கரண்டி துவரன் மிஞ்சுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால் குடும்ப மானம் என்னாவது? விரலைவிட மானம் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஊசிமருந்தின் அளவைக் கூட்டினார். செங்கல் நிறம் மாறவில்லை. பெருவிரல் கறுத்தது.

"விரலை எடுத்துரணும்," என்றார் ஒருநாள். "சர்க்கரை இப்பிடியே நின்னா அடுத்தாப்புல பாதம்." பிறகு வராந்தாவில் நின்ற என் கணவரை உள்ளே கூப்பிட்டார்.

"ஒங்க வீட்டம்மா மத்தியானம் என்ன சாப்பிடுதாங்க?"

"நாங்க சாப்பிடுததுதான்."

"நீங்க பாத்திருக்கியளா?"

அவர் என்னைப் பார்த்தார். தினமும் ஊசி போடுகிறவர், என் கை வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. "இல்ல," என்றார்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "துவரன் எனக்கு வராது டாக்டரம்மா," என்றேன். "அதுக்கு முன்ன தீந்துரும்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப இத்தனை நாளும் வெறுஞ்சோத்துக்குல்லா நான் ஊசி போட்டுட்டிருந்தேன்," என்றார். என் கணவர் வெளியே போய்விட்டார். அவர் தலைகுனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த வெட்கத்தையும் நானே அவருக்கு வாங்கிக்கொடுத்தேன்.

விரல் போயிற்று. வீடு திரும்பிய மத்தியானம் அவர் அடுக்களைக்கு வந்து தன் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட்டார்.

"என்னட்டி, அவனுக்கக் கூட இருந்து திங்கப் போறியாக்கும்?" என்றாள் அத்தை.

"நாந்தான் சொன்னேன்," என்றார் அவர். "அவளுக்குக் காலு வேணும்."

அத்தை எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து துவரனை வாயில் வைத்தேன். திருடித் தின்பவள் போல இருந்தது. விரலை எடுத்த இடத்துப் புண் ஆறிய பிறகும் இந்தக் கூச்சம் ஆறவில்லை.

முதலில் காய்கறி, பிறகு கைப்பிடி சோறு என்று பழகினேன். கம்பவுண்டர் காய்ச்சியதில் செங்கல் மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. ஊசியின் அளவை டாக்டரம்மா குறைத்தார், நிறுத்தவில்லை. கீரை தின்றால் ஊசி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டர் கேட்கும்போது சமைத்ததைச் சொல்லாதீர்கள், தின்றதைச் சொல்லுங்கள்.

எனக்கு எப்போது பசிக்கும் என்பது அதுவரை எனக்கே தெரியாது. எல்லாரும் சாப்பிட்டு முடித்தால் என் பசிக்கு நேரம் வந்தது என்று கணக்கு. இப்போது உச்சிவெயில் முற்றத்தில் விழும்போதே வயிறு கேட்கிறது. நான்கு விரல் பாதம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே இலையை நோக்கி நடக்கிறது.

போன வாரம் அவர் வயலிலிருந்து வர நேரமாகிவிட்டது. ஊசி போட்ட உடம்பு காத்திருக்காது. நான் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

அவர் கைகழுவி உட்கார்ந்தார். சோறு போட்டேன்.

"துவரன் இல்லியா?"

சட்டியைப் பார்த்தேன். வழித்துத் தின்றிருக்கிறேன். "இல்ல," என்றேன்.

"சரி, ரசத்தை ஊத்து."

ஊற்றினேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் பக்கத்தில் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்திருந்தது.