நட்டு ஏறாத மேசை

இத்தாலியின் லெக்கோ ஊரில், போல்ட் ஆலையில் எர்சிலியாவுக்கு முப்பத்தொரு வருடமும் ஒரே வேலைதான். வருகிற போல்ட்டைச் சுற்றி ஏறும் மரையில் கட்டை விரல் நகத்தை ஓட்டி, நல்லதா கழிவா என்று சொல்ல வேண்டும். மேலாளரே வந்து கெஞ்சினாலும் சொத்தைப் போல்ட்டை அவள் நல்லது என்று சொன்னதில்லை. அதனால் பதவி உயர்வும் கிடைத்ததில்லை. அவள் சொல்லுக்கு மட்டும் ஊரில் நல்ல மரியாதை.

அவள் மகன் துல்லியோ மிலானில் வடிவமைப்பாளன். வெளிச்சம் தராத விளக்கும், உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் நாற்காலியும் செய்து பேர் வாங்கியவன். இந்த ஏப்ரல் கண்காட்சிக்கு ஒரு கண்ணாடிச் சாப்பாட்டு மேசை செய்திருந்தான். கால்களுக்குப் பதில் தொடைத் தடிமனில் நாலு எஃகு போல்ட். கண்ணாடிக்கு மேலே போல்ட்டுக்கு ஒரு நட்டு. பெயர், ‘என் அம்மாவின் கை’. பக்கத்துச் சுவர் முழுக்க உழைப்பு, வியர்வை, தாய்மை என்று எழுதித் தள்ளியிருந்தான். அம்மா வேலை பார்த்த ஆலையின் வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை.

பெரிய கடைக்காரி சிமோனெட்டா அம்மையார் நாற்பது மேசை எடுப்பதாகப் பேச்சு. அவள் முன்னால் எர்சிலியா போல்ட்டைத் தடவி, “நல்லது” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. இது போச்சுன்னா பட்டறைய மூட வேண்டியதுதான்” என்று காலையில் காபி குடிக்கும்போதே அவன் காலில் விழாத குறை.

கண்காட்சிக்கு அம்மையார் வந்தாள். எர்சிலியா குனிந்து நகத்தை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

“டேய், இது மரையே இல்லடா. சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வருது. வளையத்த அடுக்கி வச்சிருக்க. நட்டு எப்படிடா ஏறும்?”

“ஏற வேணாம்மா,” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. “பசை போட்டு ஒட்டியிருக்கு. மானத்த வாங்காத.”

“ஐயோ, எவ்வளவு கள்ளமில்லாம பேசறாங்க!” என்று உருகினாள் அம்மையார். “சொல்லுங்கம்மா, இது நல்லதா, கழிவா?”

மகனின் நெற்றியில் வியர்வை. எர்சிலியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைத்துக்கொள்வான். ஆனால் அந்த வார்த்தையை முப்பத்தொரு வருடம் அவள் யாருக்கும் இனாமாகக் கொடுத்ததில்லை. கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். மேசை அசையவில்லை.

“பசை நல்லது” என்றாள். “என் கைய மட்டும் இதுல ஒட்டாதடா.”

அம்மையார் விழுந்து விழுந்து சிரித்து, நாற்பதுக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டாள். துல்லியோ யார் முகத்தையும் பார்க்காமல் ‘என் அம்மாவின் கை’ என்ற பெயர்ப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினான். அதையும் பசை போட்டுத்தான் ஒட்டியிருந்தான். சுவரின் பூச்சோடு வந்தது.