அப்பா நம்பாத அம்ப்ளிஃபயர்

கடைக்காரர் விலை குறைந்த பெட்டியைத் தட்டிக் காட்டி, "உங்கட வீட்டுக்கு இது காணும் அண்ணன், பெரிசு தேவயில்ல" என்று சொன்ன நேரத்தில்தான் அப்பாவுக்குச் சந்தேகம் தொடங்கியது. பிள்ளைகளே, விலை கூடினதை விற்கப் பார்க்கிற வியாபாரியை எல்லோரும் சந்தேகிப்பார்கள். உங்கள் அப்பப்பா விலை குறைந்ததைத் தருகிறவரையும் சந்தேகிப்பார்.

விஷயம் இதுதான். அம்மாவின் தம்பி கத்தாரிலிருந்து வந்தபோது இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஒரு டிஸ்க் ப்ளேயரையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றைப் பாட வைக்க அம்ப்ளிஃபயர் இல்லை. அந்த நாட்களில் அக்கா பள்ளிக்கூட விழாவில் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். மண்டபம் முழுவதும் கைதட்டியது. அப்பாவுக்கு மட்டும் குறை. "பள்ளிக்கூடத்து செட் சரியில்ல மனே. ராகம் வந்திச்சு, சொல்லு ஒண்டும் விளங்கல்ல" என்று என்னிடம் சொன்னார். பிறகு பாட்டை டிஸ்க்கில் பதிந்து கொடுத்தார்கள். மகள் பாடியதை ஒரு தரமாவது சொல்லுக்குச் சொல் கேட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

மண்டூரிலிருந்து காத்தான்குடிக்குப் போக முதலில் வாவியைக் கடக்க வேண்டும். ஆளும் சைக்கிளும் மாடும் ஒன்றாக ஏறிப் போகிற மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். அதில் அக்கரை போய், பஸ் பிடித்துக் கடைக்குப் போனோம்.

கடையில் அப்பா ஒவ்வொரு பெட்டியையும் நெல் மூட்டை தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார். பாரம் இல்லாத சாமானில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் ஓடுகிற பெரிய பெட்டி ஒன்றின் மேல் ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தது.

"அந்த ஆயிரமெல்லாம் ஒட்டியிருக்கிற பேப்பர்லதான் அண்ணன். என்ன, கலியாண வீட்டுக்கா கொண்டு போறீங்க? ரெண்டு ஸ்பீக்கருக்கு இந்தச் சின்னது தாராளம். பேஸுக்கு ஒரு குமிழ், ட்ரெபிளுக்கு ஒரு குமிழ் இரிக்கு" என்றார் கடைக்காரர்.

அப்பா குனிந்து என் காதுக்குள் ரகசியம் சொன்னார். "பெரிசு விக்க ஏலுமெண்டா ஏன் சின்னதத் தாறான்? இதுல என்னமோ இரிக்கு." அவருடைய ரகசியம் கடை முழுவதற்கும் கேட்டது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டத் தொடங்கினார். எங்கள் வசதிக்கும் அதுதான் சரி என்பதால் வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் டிஸ்க்கைப் போட்டதும் அக்கா வீட்டுக்குள்ளேயே நின்று பாடுவதுபோல இருந்தது எனக்கு. அப்பா தலையைச் சரித்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

"தாளம் அடிக்கிறது கேக்குது. பாட்டு எங்க?"

"நல்லாத்தானே கேக்குது" என்றார் அம்மா.

"உன்ட தம்பி தந்த பெட்டியெண்டா நீ குறை சொல்லுவியா?"

அன்றிலிருந்து அப்பா யாரையும் சந்தேகிக்காமல் விடவில்லை. மாமா பழைய ஸ்பீக்கரைத் தலையில் கட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தார் டிஸ்க்கைச் சரியாகப் பதியவில்லை. நான் குமிழைத் திருகிவிட்டேன். கடைசியில் எல்லாம் கடைக்காரர் மேல் போய் நின்றது. உள்ளே இருந்த நல்ல சாமானைக் கழற்றி எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் விற்றுவிட்டாராம். நானும் அப்பாவின் பக்கம். பெட்டியில் காதை ஒட்டிவைத்து, "ஓம் அப்பா, என்னவோ கரகரக்குது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

பெட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பாதையில் ஏறினோம். பாதைக்காரர் பின்னால் நின்று, "என்னண்ணன், திருப்பிக் கொண்டு போறீங்க? அதுக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிட்டோ?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா திரும்பியே பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

கடையில் எங்கள் பெட்டியைத் தன்னுடைய ஸ்பீக்கரோடு இணைத்து, கடைக்காரர் டிஸ்க்கைப் போட்டார். சாமான் வாங்க வந்தவர்கள்கூட நின்று அக்காவின் பாட்டைக் கேட்டார்கள்.

"பாத்தீங்களா நானா? ஒரு சொல்லாவது விளங்குதா?" என்று கடைக்காரரைக் கேட்டார் அப்பா. காத்தான்குடியில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடைக்காரர் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்த் தட்டில் எதையோ தேடியபடி, "அண்ணன், ப்ளேன்டீ குடிப்பமா?" என்றார். அப்பா பேசவில்லை. கடைக்காரர் திரும்பி, அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று அதையே கேட்டார். "ஓம், குடிப்பம்" என்றார் அப்பா.

"அண்ணன் என்ன தொழில்?"

"நெல்லு மில்லுல இஞ்சின் ஓட்டுறன். இளந்தாரியா இரிக்கக்குள்ள இருந்து அதுதான்."

அதன் பிறகு கடைக்காரர் வாதாடவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. சண்டை பிடிக்க வேண்டிய வியாபாரி ஏன் அடங்கிப் போகிறார்? உள்ளே போய் முதல் பெட்டியைப்போலவே இன்னொன்றைக் கொண்டுவந்தார். கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முழுதாகத் திருகி வைத்தார்.

"இது வேற பெட்டி அண்ணன். ஆனா சோதிச்சுத்தான் எடுக்கணும். டிஸ்க்கப் போட்டுட்டு, மகளையும் உங்களுக்கு நேரெதிரா இருத்திச் சேர்ந்து பாடச் சொல்லுங்க. ரெண்டும் ஒத்து வந்தா சாமான் சரி. வராட்டி கொண்டு வாங்க, நான் எடுக்கிறன்."

சோதனை என்றதும் அப்பாவுக்குத் திருப்தி. எனக்குத்தான் சந்தேகம் கூடியது. தன் சாமானைச் சோதிக்கத் தானே வழி சொல்லிக் கொடுக்கிற வியாபாரியை யார் கண்டது?

வீட்டுக்கு வந்ததும் அக்கா வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அப்பாவுக்கு எதிரே பாயில் இருந்தாள். பாட்டுத் தொடங்கியது. அவளும் சேர்ந்து பாடினாள். கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் முகம் விரிந்தது. அவருடைய உதடும் மெல்ல அசைந்தது.

"இந்தா, இப்ப விளங்குது! சொல்லுக்குச் சொல்லு விளங்குது! கொண்டு போய்க் கேட்டபடியாத்தானே நல்ல பெட்டியத் தந்தான்?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். பாட்டு முடிந்ததும் யாரும் கேட்காமலே அக்கா திரும்பவும் டிஸ்க்கைப் போட்டு, முதலில் இருந்து பாடினாள். இந்த முறை வெட்கமில்லை. ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து, அவசரமில்லாமல் ஆறுதலாகப் பாடினாள்.

எனக்கு ஒரே எரிச்சல். ட்ரெபிள் காதைக் குத்தியது, அவ்வளவுதான். மற்றப்படி இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தக் கடைக்காரர் அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டார், அம்மாவுக்கும் அக்காவுக்கும் அது தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மில் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றே காலம் கழித்த மனிதனின் காதுக்கு என்ன நடக்கும் என்று யோசிக்கிற வயது இல்லை அது. கள்ளத்தைப் பிடித்தே தீருவது என்று பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு தடவைகூடப் பெட்டியைப் பார்க்கவில்லை. அக்காவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.